ஒரு பாடத்தில் திருத்தம்

 

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் கட்டாயம் கடைசிவரை படித்துவிடுங்கள்.

என்னிடம் அறிவியல் படித்தவர்களுக்கு மின்சாரப் பாடம் நினைவிருக்கும். ஓம் விதி மறந்து போயிருக்கலாம், பரவாயில்லை. பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒன்று சொல்வேன், அது மறந்திருக்காது. "மின்வேலை எதுவானாலும் முதலில் மெயினை அணை. ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போடு. அப்புறம் பயமில்லாமல் கை வை." இதை வகுப்பே மூன்று முறை சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வகுப்புத் தமிழாசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். சில ஆண்டுகளுக்கு முன் நடந்த பழைய மாணவர் சந்திப்பில்கூட ஒருத்தி மேடையேறி இதை அப்படியே என் குரலில் சொல்லிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தோம். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பாடம் இன்றைக்குத் தவறு. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு. எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2017இல் பெரியவன் வீட்டைப் புதுப்பித்தான். பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டபோதே ஆடிப்போயிருந்தேன். இப்போது அந்தத் தளத்துக்குக் கீழே இன்னொரு கூரை, ஃபால்ஸ் சீலிங். ஜிப்சம் பலகை அடித்து, அதில் வட்டவட்டமாக ஓட்டை போட்டு, பன்னிரண்டு எல்.ஈ.டி. விளக்குகளைப் பதித்துவிட்டார்கள். விளக்கின் விளிம்பு கூரையோடு கூரையாகப் படிந்திருக்கும். வெளியே தொங்குவது ஒன்றும் கிடையாது. "இதற்கு எதற்கப்பா இத்தனை விளக்கு, கல்யாண மண்டபமா?" என்று முணுமுணுத்தேன். போட்டுப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

நம் காலத்துக் குண்டு பல்பு உங்களுக்குத் தெரியும். அடிப்பாகத்தில் இரண்டு பக்கமும் சின்ன ஆணி இருக்கும். உள்ளே அழுத்தி ஒரு திருப்பு திருப்பினால் கையோடு வந்துவிடும். பெஞ்சு மேல் ஏறி நின்றால் ஏழாம் வகுப்புப் பையன் மாற்றிவிடுவான். பல்பு போனால் பல்பை மாற்றுவோம், ஹோல்டர் அப்படியே இருக்கும். கூரையில் பதிக்கிற இந்த விளக்குகளில் பெரும்பாலானவற்றில் தனியாகப் பல்பு என்று ஒன்று கிடையாது. விளக்கு முழுவதும் ஒரே பொருள். ஒளி போனால் மொத்தத்தையும் கூரையிலிருந்து கழற்ற வேண்டும்.

பன்னிரண்டில் ஒன்று என் துணைவியாரின் தையல் மெஷினுக்கு நேர் மேலே இருக்கிறது. கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு ஊசியில் நூல் கோக்க அந்த வெளிச்சம் வேண்டும். ஏப்ரல் கடைசியில் அது மினுக்க ஆரம்பித்தது. இரண்டு வாரம் மினுக்கிவிட்டு ஒரு நாள் இரவு அடியோடு அணைந்துவிட்டது.

எல்.ஈ.டி. விளக்கு 25,000 மணி நேரம் எரியும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள். கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் என்றால் 5,000 நாள். பதின்மூன்றரை ஆண்டுக்கு மேல் வர வேண்டும். எட்டாவது ஆண்டிலேயே ஏன் போயிற்று என்று எனக்குள் இருந்த வாத்தியாருக்கு அரிப்பு. விளக்கு எரியவில்லை என்கிற கவலையைவிடக் கூரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசைதான் அதிகம். உண்மையை ஒப்புக்கொள்கிறேன்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடாமல் இல்லை. ஒன்பது நாள் கூப்பிட்டேன். ஒன்பது நாளும் "நாளைக்கு வந்துட்றேங்க சார்" என்றார். நம் மாணவன் ஒருவன் மொரப்பூர் ரோட்டுப் பக்கம் ஒயரிங் வேலை செய்கிறான், கூப்பிட்டால் அன்றைக்கே வந்துவிடுவான். ஆனால் காசு வாங்கமாட்டான். போன முறை மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் மாற்றிவிட்டு, நான் நீட்டிய பணத்தை என் பேத்தி கையில் திணித்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது. அதனாலேயே அவனைக் கூப்பிடத் தயங்கினேன்.

சனிக்கிழமை காலை பத்தரை மணி. மடக்கு ஏணியை எடுத்துப் போட்டேன். எனக்கு எழுபது வயது. ஏணியில் ஏறுவதைத் துணைவியார் பார்த்தால் விடமாட்டார். அவர் சமையலறையில் இருந்த நேரமாகப் பார்த்துத்தான் ஏறினேன்.

ஏறுவதற்கு முன் என் பாடத்தை நானே கடைப்பிடித்தேன். சுவிட்ச் பெட்டியில் எட்டு சுவிட்ச் இருக்கிறது. எரியாத விளக்குக்கு எது சுவிட்ச் என்று எப்படித் தெரியும்? அதனால் மெயினையே அணைத்தேன். ஃபேன் முன்பே நிறுத்தியிருந்தது. பகல் நேரம், விளக்கு எதுவும் எரியவில்லை. சமையலறையில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது டக்கென்று அடங்கியது. சரி, மின்சாரம் நின்றுவிட்டது என்று முடிவு செய்தேன்.

விளக்கு அசையவில்லை. போன பொங்கலுக்கு பெயிண்ட் அடித்தவர்கள் விளக்கைக் கழற்றாமல் ரோலரை அதன் மேலேயே ஓட்டியிருந்தார்கள். விளிம்பும் கூரையும் ஒரே தோலாக ஒட்டிப் போயிருந்தது. நகம் நுழையக்கூட இடமில்லை. திருகிப் பார்த்தேன், நடக்கவில்லை. உள்ளங்கையை வைத்து இழுத்துப் பார்த்தேன், வழுக்கியது. சட்டைப் பையில் டெஸ்டர் இருந்தது. அதன் முனையை விளிம்புக்குள் செருகி நெம்பினேன்.

அந்த வரியை நானே திரும்பப் படித்துப் பார்க்கிறேன். மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கிற கருவி கையில் இருந்தது. அதை நான் நெம்புகோலாகப் பயன்படுத்தினேன்!

ஜிப்சம் பலகையில் ஒரு விள்ளல் பெயர்ந்து கண்ணில் தூள் விழுந்தது. விளக்கு ஒரு பக்கம் கீழே இறங்கியது. கோபத்தில் மறுபக்கத்தையும் சேர்த்து இழுத்தேன். விளக்கோடு அதன் பின்னால் இருந்த டிரைவர் பெட்டியும், அதில் முறுக்கி டேப் சுற்றியிருந்த ஒயரும் ஓட்டை வழியாக வந்தன. எட்டு கோடையின் சூட்டில் அந்த டேப்பின் பசை உருகி, டேப் சட்டைக் கை மாதிரி நழுவியிருந்தது. செம்புக் கம்பி என் கட்டை விரலில் பட்டது.

பாடத்தில் "மின்னதிர்ச்சி" என்று எழுதிப் போடுவோம். தோள்பட்டை வரை யாரோ உலக்கையால் இடித்தது போல இருந்தது. கை தானாக உதறியதால் கம்பி விட்டுவிட்டது. அது என் நல்ல நேரம். ஏணி ஆடியது. இரண்டு படி சறுக்கிக் கீழே வந்து தரையில் உட்கார்ந்தேன். விளக்கு மேலே ஒயரில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுத் துணைவியார் ஓடி வந்தார். விடுமுறைக்கு ஓசூரிலிருந்து வந்திருந்த பேத்தியும் கையில் போனோடு வந்து நின்றாள்.

"மெயினை அணைத்துவிட்டேனே, எப்படி அடித்தது?" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

பேத்தி சொன்னாள்: "தாத்தா, இன்வெர்ட்டர் ஓடுதில்ல? வைஃபை வருதே."

ஏழாம் வகுப்புப் பிள்ளை. அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மெயினை அணைத்தால் வீட்டுக்குள் வரும் மின்சாரம் நிற்கும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் கதை அங்கே முடிவதில்லை. வெளி மின்சாரம் நின்றதைக் கண் சிமிட்டும் நேரத்துக்குள் இன்வெர்ட்டர் கண்டுபிடித்துவிடும். "கரண்ட் போய்விட்டது, இனி என் வேலை" என்று பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து, அதே 230 வோல்ட்டாக மாற்றி விளக்கு, ஃபேன் லைன்களுக்கு அனுப்ப ஆரம்பித்துவிடும். ஃபிரிட்ஜ் இன்வெர்ட்டர் லைனில் இல்லை, அதனால் அது மட்டும் அடங்கியது. நான் அதை நம்பினேன். போதாக்குறைக்கு முந்தின இரவு விளக்கு அணைந்தபோது, "திரும்ப எரிஞ்சாலும் எரியும்" என்று துணைவியார் அந்தச் சுவிட்சைப் போட்டபடியே விட்டிருந்தார்.

பல வீடுகளில் மெயின் பலகையில் ஆர்.சி.சி.பி. என்று ஒன்று வைத்திருப்பார்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்து உயிரைக் காப்பாற்றுகிற நல்ல சாதனம். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அது காவல் காப்பது வாசலில். இன்வெர்ட்டர் மின்சாரம் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. மெயினை அணைத்த பிறகு அந்தக் காவல்காரனால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

துணைவியார் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஆட்டோ பிடித்துத் தருமபுரிக்குக் கூட்டிப் போய் இ.சி.ஜி. எடுக்க வைத்த பிறகுதான் ஓய்ந்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் செய்ததுதான் சரி. ஷாக் அடித்தவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதயத் துடிப்பின் தாளம் பிறகும் தவறக்கூடும்.

வரும் வழியிலேயே அவர் அந்த மாணவனுக்குப் போன் செய்துவிட்டார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு வந்து நின்றான். "என்ன சார் இது" என்று மட்டும்தான் கேட்டான். அவன் வேலை செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டில் இதே கூரை, இதே விளக்கு.

முதலில், மின்சாரம் இருக்கிற ஒரு பிளக்கில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்த்தான். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது, மின்சாரம் இல்லாத கம்பியிலும் எரியாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் அல்லவா? பிறகு அந்தச் சுவிட்சை அணைத்தான், மெயினை அணைத்தான், இன்வெர்ட்டரையும் அதன் பொத்தானை அழுத்தி அணைத்தான். இதில் ஒன்று கவனியுங்கள். இன்வெர்ட்டரை மட்டும் அணைத்துவிட்டு மெயினை விட்டாலும் ஆபத்துதான். வீட்டு இன்வெர்ட்டர்களில் பொதுவாக அந்தப் பொத்தான் பேட்டரியை மட்டுமே நிறுத்தும், வெளி மின்சாரம் அதன் வழியாகப் போய்க்கொண்டேயிருக்கும். இரண்டையும் அணைக்க வேண்டும். பேத்தியைக் கூப்பிட்டு, "யாரும் இதைத் தொடாம நீ காவல் இரும்மா" என்று மெயின் பெட்டி அருகே நாற்காலி போட்டு உட்கார வைத்தான்.

ஏணியில் ஏறித் தொங்கிய ஒயரில் மறுபடி டெஸ்டர். அது போதாது என்று ஒரு ஹோல்டரில் குண்டு பல்பு மாட்டிய சோதனை விளக்கை இரண்டு கம்பியிலும் வைத்துப் பார்த்தான். ஏன் என்று கேட்டேன். "காய்ஞ்ச மர ஏணி மேல, செருப்புப் போட்டு நின்னா டெஸ்டர் மங்கலாத்தான் எரியும் சார், பகல்ல கண்ணுக்கே தெரியாது" என்றான். உண்மைதான். டெஸ்டரில் ஓடுகிற மிகச் சின்ன மின்னோட்டம் நம் உடல் வழியாகத் தரைக்குப் போனால்தான் நியான் ஒளிரும். இதை நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஏணி மேல் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அப்புறம் நான் உடைக்காமல் விட்டிருந்த பக்கத்து விளக்கைக் கழற்றிக் காட்டினான். கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூக்கில் துண்டு கட்டிக்கொண்டான். பிளேடால் விளிம்பைச் சுற்றி பெயிண்ட்டை மட்டும் மெல்லக் கீறினான், ஒரு முழு வட்டம். விளக்கை இழுக்கவில்லை. மேலே லேசாக அழுத்தினான், இடமும் வலமுமாக ஒரு நூல் அளவு திருப்பினான். சின்னதாக 'டிக்' என்று ஒரு சத்தம். ஒட்டியிருந்தது விட்டுவிட்டது. பட்டி பார்க்கிற தகடு இரண்டை எதிரெதிர்ப் பக்கத்தில் செருகினான். கூரையில் வடு விழாமல் இருக்க இடையில் அட்டைத் துண்டு. இரண்டு பக்கமும் ஒரே அளவாக நேர் கீழே இறக்கினான்.

அப்போதுதான் சூட்சுமம் புரிந்தது. விளக்கின் முதுகில் எதிரெதிராக இரண்டு ஸ்பிரிங் கம்பிகள், துணி கிளிப் மாதிரி. பொருத்தும்போது இரண்டையும் மேல் நோக்கி மடக்கி ஓட்டைக்குள் விடுவார்கள். உள்ளே போனதும் அவை விரிந்து பலகையின் மேல் படுத்துக்கொள்ளும், விளிம்பை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நேராக இறக்கினால் இரண்டும் சேர்ந்து எழுந்து வழிவிடும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் மறுபக்கக் கம்பி பலகையில் குத்திக்கொள்ளும், பலகைதான் பெயரும். நான் செய்தது அதுதான். வெளியே வரும்போது அந்தக் கம்பிகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் எலிப்பொறி மாதிரி விரலில் அடிக்கும்.

எட்டு ஆண்டில் போன காரணமும் கிடைத்தது. விளக்குத் தட்டை வேறொரு டிரைவரில் இணைத்துக் காட்டினான், பளிச்சென்று எரிந்தது. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. போனது டிரைவர். எல்.ஈ.டி. நேரடியாக 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தில் எரியாது. அதைக் குறைத்து, நேர்மின்னோட்டமாக்கி, அளவு மாறாமல் கொடுக்கிற சிறிய பெட்டிதான் டிரைவர். அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் ஈரப்பசையுள்ள வேதிப்பொருள் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல மெல்லக் காய்ந்துபோகும். நம் ஊர் சித்திரை வெயிலில் தளம் கொதிக்கிறது. தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே காற்றே போகாத அடுப்பு. அதில் உட்கார்ந்திருக்கிற பெட்டி எப்படிப் பிழைக்கும்? 25,000 மணி நேரம் என்பது ஒளி தருகிற சில்லின் கணக்கு. டிரைவரின் ஆயுள் வேறு.

நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நான் ஓய்வு பெற்றதற்கு அடுத்த ஆண்டு. வகுப்பில் அதை நடத்த எனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று வருத்தப்பட்டதுண்டு. நடத்தியிருந்தால் டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஆகவே விளக்கு போனால் முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. டிரைவரை மட்டும் மாற்றலாம். பழைய பெட்டியில் அச்சிட்டிருக்கும் மில்லிஆம்பியர் அளவும் வோல்ட் அளவும் புதியதில் பொருந்த வேண்டும். எங்களுடையதில் 300 மில்லிஆம்பியர். அதிகமானதைப் போட்டால் நல்ல விளக்கும் சீக்கிரம் கருகும். விளக்கையே மாற்றுவதாக இருந்தால் கூரையில் உள்ள ஓட்டையின் விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். விளிம்பின் அளவை அளந்துகொண்டு போனால் விளக்கு உட்காராது. நான் பெயர்த்த இடத்தை மறைக்க அவன் அகல விளிம்புள்ள விளக்கு ஒன்று கொண்டுவந்து பொருத்தினான். பழைய ஒயர் இணைப்புகளில் டேப்பை எடுத்துவிட்டுக் கனெக்டர் போட்டான்.

இவ்வளவும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஒன்று மட்டும் என் கண்ணை உறுத்திக்கொண்டேயிருந்தது. எல்லாவற்றையும் அவன் வலது கையாலேயே திருகினான். இடது கையில் பொருளைப் பிடித்துக்கொண்டான், ஆனால் அந்த மணிக்கட்டு திரும்பவில்லை.

டீ குடிக்கும்போது கேட்டேன். "அது ஒண்ணும் இல்ல சார்" என்றான். விடவில்லை.

2012. உங்களுக்கெல்லாம் அந்த ஆண்டு மறந்திருக்காது. பகலும் இரவுமாக மணிக்கணக்கில் மின்வெட்டு. பரீட்சைக்குப் பிள்ளைகள் மெழுகுவத்தியில் படித்தார்கள். மாவு மில்காரர் கரண்ட் வரும் நேரத்தைச் சிலேட்டில் எழுதிப் போட்டிருந்தார். கையில் கொஞ்சம் காசு இருந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் இன்வெர்ட்டர் வந்தது அப்போதுதான். அவன் தனியாக வேலை எடுத்துச் செய்ய ஆரம்பித்த புதிது. காரிமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் விளக்கு ஹோல்டர் மாற்றப் போயிருக்கிறான். மெயினை அணைத்திருக்கிறான். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கியிருக்கிறான்.

"சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் சார் ஏறினேன். ஸ்டூல்ல இருந்து கீழ வந்து விழுந்தப்பவும் பையிலதான் இருந்துச்சு."

மணிக்கட்டு முறிந்து, சரியாகச் சேராமல் போய்விட்டது.

"ஏண்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை?"

"என்னத்த சார் சொல்றது. நீங்க சொன்னது தப்பு இல்ல. நாங்க படிக்கிறப்ப இன்வெர்ட்டர் ஏது?"

அவன் படித்தபோது இல்லைதான். 1999இல் பத்தாம் வகுப்பு முடித்தவன். ஆனால் 2012இல் நான் இன்னும் வகுப்பில் நின்றுகொண்டிருந்தேன். 2013இல்தான் ஓய்வு பெற்றேன். அந்த ஆண்டும் அதே பாடத்தை நடத்தினேன். "மெயினை அணை, கேரியரைப் பையில் போடு, பயமில்லாமல் கை வை." நாற்பது பிள்ளைகள் மூன்று முறை சத்தமாகச் சொன்னார்கள். அப்போது என் வீட்டுக்கே இன்வெர்ட்டர் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தினமும் கரண்ட் போவதும், என் தலைக்கு மேல் ஃபேன் நிற்காமல் சுற்றுவதும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கரண்ட் போன பிறகும் ஃபேன் சுற்றுகிறதே, அப்படியானால் மெயினை அணைத்த பிறகும் கம்பியில் மின்சாரம் இருக்குமே என்று எனக்குத் தோன்றவேயில்லை. பாடம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று இருந்துவிட்டேன்.

அவன் விழுந்த பிறகு அந்தப் பாடத்தை என்னிடம் கற்றுக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்கு அவன் என்னிடம் சொல்லியிருந்தால் அவர்களுக்காவது மாற்றிச் சொல்லியிருப்பேன். ஆனால் அடிபட்டவன் வந்து சொன்னால்தான் திருந்துவேன் என்றால் அது என்ன ஆசிரியத் தொழில்? அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்துதான் இந்தப் பதிவைத் தொடங்கினேன்.

ஆகவே, என்னிடம் படித்த எல்லோரும் பழைய வாக்கியத்தை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள்:

மெயினை அணை. இன்வெர்ட்டரையும் அணை. டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் பார். பிறகு தொடப்போகிற கம்பியில் பார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் பயத்தோடுதான் கை வை.

பயமில்லாமல் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கூரையில் சோலார் தகடும் பேட்டரியும் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். உங்களுக்கு மின்சாரம் எந்தெந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அந்த வேலையைச் செய்தவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிச்சயமில்லை என்றால் எலக்ட்ரீஷியன் வரும்வரை இருட்டில் இருங்கள். இருட்டு யாரையும் ஸ்டூலிலிருந்து தள்ளிவிடாது. என்னைப் போல ஒன்பது நாள் பொறுத்துவிட்டுப் பத்தாம் நாள் ஏணியில் ஏறாதீர்கள்.

ஒரு வீட்டுப்பாடமும் உண்டு. இன்று மாலை வீட்டு விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். ஒயரைத் தொட வேண்டாம், சும்மா வீட்டைச் சுற்றி நடந்து வாருங்கள். எவை எவை இன்னும் ஓடுகின்றன என்று ஒரு தாளில் எழுதி மெயின் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். நாளை உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற பையன் அதைப் பார்ப்பான். எங்கள் வீட்டில் பேத்தி எழுதி ஒட்டியிருக்கிறாள். ஓடுகிறவை பதினேழு. அடியில் சிவப்பு மையில், "தாத்தா, இன்வெர்ட்டர்!" என்று தனியாக ஒரு வரி.

அடுத்த முறை பெயிண்ட் அடிக்கிறவர்களிடம், விளக்குகளை முதலில் கீழே இறக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். மற்ற விளக்குகளின் விளிம்பிலும் அவன் பிளேடால் ஒரு வட்டம் கீறிவிட்டுப் போயிருக்கிறான், இனி ஒட்டாது.

அவன் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். உங்களில் சிலருக்கு யார் என்று தெரிந்திருக்கும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். இந்த முறை காசு வாங்கினான். நான் வற்புறுத்தியதால் அல்ல. "டியூஷன் ஃபீஸ்டா, வாங்கிக்கோ" என்றேன். சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

என் துணைவியார் விளக்குக்குக் கீழே உட்கார்ந்து பேத்தியின் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறார். ஏணியைப் பூட்டிச் சாவியை அவர் வைத்துக்கொண்டுவிட்டார்.

நம் ஊரிலேயே இருக்கிற பலர் முகநூலில் இல்லை. ஒயரிங், பெயிண்டிங், தச்சு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள்தான் அதில் அதிகம். அவர்களுக்குத்தான் இது முதலில் போய்ச் சேர வேண்டும். யாரையாவது பார்த்தால், போனில் பேசினால், சார் பாடத்தை மாற்றிவிட்டார் என்று சொல்லுங்கள். மூன்று முறை சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
கம்பைநல்லூர்.